போர்ப் படம் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், கொட்டகலை, போகவந்தலாவைப் பக்கத்து நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாசிகசாலைச் சுவரில் புரொஜெக்டர் அடித்துப் படம் பார்க்கிறோம். காதல் படம் முடிந்தால் எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். போர்ப் படம் முடிந்தால் மட்டும் உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கதையின் முடிவுகளை முடிந்தவரை உடைக்காமல் எழுதப் பார்த்திருக்கிறேன்.

ஆட்கள் சாவதைப் பார்த்து ரசிப்பது சரியா அண்ணே? சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் நல்லதுதான், அது இருக்கட்டும். ஆனால் போரைக் கலையாக்கிப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. புறநானூற்றில் போர்ப் பாட்டுகள் நிறைய. கலிங்கத்துப்பரணியில் சண்டை முடிந்த களத்தில் பேய்கள் கூடிக் கூழ் சமைத்துச் சாப்பிடுகின்றன. அந்தப் பகுதியை இன்றைக்குப் படமாக எடுத்தால் தணிக்கையில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாது. நம் தோட்டங்களில் பொன்னர் சங்கர் கூத்து நடக்கிற இரவில், வீரர்கள் களத்தில் விழும் படுகளக் காட்சிக்காகக் கண்விழித்துக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்! அங்கே ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. தப்பு மேளச் சத்தமும் பாட்டும் மட்டும்தான். அதற்கே அருள் வந்து விழுகிறவர்கள் உண்டு.

ஆகவே ரசிக்கலாம். ஆனால் பார்க்கும்போது இரண்டு கேள்விகளை மடியில் முடிந்துகொள்ளுங்கள். கமரா யார் பக்கத்தில் நிற்கிறது? பாரம் சுமப்பது யார், அவரைப் படம் காட்டுகிறதா? கீழே எதைப் பற்றி எழுதினாலும் சுற்றிச் சுற்றி இந்த இரண்டுக்கும்தான் வந்து சேர்கிறேன்.

முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்'. டேவிட் லீன் இயக்கி 1957இல் வந்தது. இதைச் சொல்வதற்கு முதல் காரணம் ஊர்ப்பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது தாய்லாந்துக் காட்டில். பாலத்தைக் கட்டியதோ நம்முடைய கித்துல்கலையில், களனி கங்கையின் மேல். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ் கினிகத்தேனை இறங்கி யட்டியாந்தோட்டைக்குப் போகிற வழியில், இப்போது வெள்ளைக்காரர்கள் ரப்பர் படகில் கூச்சல் போட்டுக்கொண்டு போகிறார்களே, அந்தப் பக்கம்தான். 1957 மார்ச்சில் அந்த மரப்பாலத்தையும் அதன்மேல் ஓடிய நிஜ ரயிலையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கம்ப்யூட்டர் வித்தை இல்லாத காலம். பல கமராக்களை வைத்துவிட்டு ஒரே தடவையில் எடுத்தாக வேண்டும். அன்றைய பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். படத்துக்கு 7 ஆஸ்கார் கிடைத்தது.

இது போர்ப் படம் என்றாலும் துப்பாக்கி வெடிப்பது மிகக் குறைவு. சிறைப்பட்ட ஒரு பிரித்தானியக் கேணல், எதிரிக்குக் கட்டிக்கொடுக்கும் பாலத்தையே தன் பெருமையாக நினைக்கத் தொடங்குகிறார். அலெக் கின்னஸ் அந்தப் பிடிவாதத்தை நடையிலேயே காட்டிவிடுகிறார். தண்டனைக் கூண்டிலிருந்து வெளியே வந்து, கால் தடுமாற, முதுகை மட்டும் நிமிர்த்திக்கொண்டு நடக்கும் அந்தச் சில அடிகளைப் பாருங்கள். சரித்திரம் வேறு மாதிரி. அங்கே கைதிகளுக்குத் தலைமை வகித்த பிலிப் டூஸி என்ற அதிகாரி வேலையை இழுத்தடிக்கவே பார்த்தவர். நிஜப் பாலத்தைக் கமாண்டோக்கள் யாரும் தகர்க்கவில்லை, 1945இல் விமானங்கள் குண்டு போட்டன.

இரண்டாவது காரணம் படத்தில் இல்லாத ஒன்று. சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1942இலும் 1943இலும் ஜப்பானியர்கள் கட்டுவித்தார்கள். அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆனால் கைதிகளைவிட அதிகமாக இருந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். அவர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான், முறையாகப் பெயர் எழுதி வைத்தவர் யாரும் இல்லை. மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்களும் இங்கே கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்தவர்களும் ஒரே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணி பேச்சைக் கேட்டுக் கப்பலேறியவர்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் இருந்திருக்கும். நம் ஆற்றங்கரையில் எடுத்த படத்தில் நம் சனம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் படம் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

படத்தில் வருகிற சண்டைக்கும் நிஜச் சண்டைக்கும் என்ன வித்தியாசம்?

சத்தத்திலிருந்து தொடங்கலாம். எதிர்மலையில் ரோட்டு வேலைக்குக் கல் உடைக்க வெடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். புகை முதலில் கிளம்பும், 'டொம்' என்ற சத்தம் பிறகுதான் வரும். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகிறது, அதாவது ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று செக்கன். படத்திலோ தூரத்து மலையில் வெடித்தாலும் சத்தம் அந்தக் கணமே காதில் விழும். சத்தத்தைத் தாமதமாகப் போட்டால் 'சவுண்ட் பிந்தி வருகிறது' என்று பார்ப்பவர்கள் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். ரைபிள் தோட்டா ஒலியைவிட வேகமாகப் போகிறது. அதனால் சுடப்படுபவர் முதலில் கேட்பது தோட்டா தன்னைக் கடக்கும்போது எழும் 'டக்' என்ற வெடிப்பு. துப்பாக்கியின் சத்தம் அதற்குப் பின்னால் வருகிறது. மலைகளுக்கு நடுவே இரண்டும் எதிரொலித்துக் குழம்பினால் எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே தெரியாது. தியத்தலாவை இராணுவப் பயிற்சித் திடல் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது தோட்டாக் கணக்கு. ஏகே 47 துப்பாக்கியில் தோட்டா அடைக்கும் மகசினில் 30 தோட்டாக்கள். அது நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில் சுடும். விசையை விடாமல் அழுத்தினால் மூன்று செக்கனில் காலி. நம் ஹீரோக்கள் ஒரு பாட்டு நேரத்துக்குச் சுடுகிறார்கள். மகசின் மாற்றுவதையும், மாற்றும்போது 'பார்த்துக்கொள்' என்று பக்கத்து ஆளுக்குச் சொல்வதையும் ஒரு படம் காட்டினால், விவரம் தெரிந்த யாரோ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கைக்குண்டு வெடித்தால் செம்மஞ்சள் தீப்பந்து எழும்புமே, அது பெட்ரோல். படப்பிடிப்புக்காக ஊற்றுவது. நிஜத்தில் ஒரு கணச் சுடர், புழுதி, சிதறும் உலோகத் துண்டு. பார்க்க ஒன்றுமில்லை, கொல்வது அந்தத் துண்டுகள்தான். தோட்டா பட்டவர் பத்தடி பின்னால் பறப்பதும் பொய். அப்படித் தூக்கியெறியும் விசை தோட்டாவில் இருந்தால் சுட்டவரும் பின்னால் பறக்க வேண்டுமே. சைலன்சர் போட்டால் 'புஸ்' என்று மட்டும் கேட்பதும் அந்த வகைதான்.

இதெல்லாம் சில்லறை விஷயங்கள். பெரிய வித்தியாசம், நிஜச் சண்டையில் எதிரி கண்ணில் படுவதே அபூர்வம். புல் அசைகிறது, அங்கே சுடு, அவ்வளவுதான். படத்துக்கு இரண்டு பக்கமும் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. அதனால் ஐம்பது அடி தூரத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சுட்டுக்கொள்கிறார்கள்.

காது அடைப்பதையும் பல படங்கள் மறந்துவிடுகின்றன. எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ' (1985) மறக்கவில்லை. 1943இல் நாஜிகள் பிடித்திருந்த பெலருஸ், ஒரு சிறுவன். குண்டு விழுந்ததும் அவனுக்குக் காது கேட்கவில்லை, நமக்கும் கேட்கவில்லை. நீண்ட நேரத்துக்கு ஒரு ரீங்காரமும் மங்கிய குரல்களும் மட்டும். பக்கத்தில் இருக்கிறவர் 'ஸ்பீக்கர் போய்விட்டதா?' என்று கேட்பார். கேட்கட்டும்.

நடிகர்கள் உண்மையாகவே பாரம் சுமக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு நம் ஆட்களைவிட நல்ல நீதிபதிகள் உலகத்தில் கிடையாது. கொழுந்து மூட்டையைத் தலையிலும் முதுகிலும் ஏற்றி மலையில் இறங்கியவருக்குத் தெரியும்: பாரம் இருந்தால் கழுத்து முன்னால் நீளும், அடி சிறுத்துவிடும், குதிகாலை ஊன்றாமல் பக்கவாட்டில் வைப்பார்கள், நின்றால் உடனே எதிலாவது சாய்வார்கள். 1944இல் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கிய சிப்பாய்கள் பலருக்கு 30 கிலோவுக்கு மேல் சுமை இருந்தது. ஆழத்தில் இறங்கியவர்கள் தோட்டா படாமலே மூழ்கினார்கள். படங்களில் பாதிப் பேரின் பைக்குள் பஞ்சுதான் இருக்கிறது. ஓடும்போது பை துள்ளுவதைப் பாருங்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்த ஒரு பெரியம்மா, கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர், சிப்பாய்கள் மலை ஏறும் காட்சியைப் பார்த்து 'இவங்க பையில ஒன்னுமே இல்லடா தம்பி' என்று சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை என்னால் நம்ப முடியவில்லை.

'சேவிங் பிரைவேட் ரயன்' கடற்கரைக் காட்சியை எல்லாரும் தூக்கிப் பிடிக்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஸ்பீல்பேர்க் 1998இல் தந்தது. 1944 ஜூன் 6, நார்மண்டியில் அமெரிக்கர்கள் இறங்கிய ஒமாஹா கடற்கரை. எடுத்தது அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் கரையில்.

ஒரு சின்ன தொழில்நுட்ப விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். சினிமா ஒரு செக்கனுக்கு 24 படங்கள். சாதாரணமாக ஒவ்வொரு படத்துக்கும் செக்கனில் 48இல் ஒரு பங்கு நேரம் ஒளி விழும். அந்த நேரத்தில் கை அசைந்தால் படத்தில் கொஞ்சம் கலங்கும். அந்தக் கலங்கல்தான் அசைவை வழவழப்பாகக் காட்டுகிறது. ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி ஒளியைத் திறந்து மூடும் ஷட்டரைக் குறுக்கி அந்த நேரத்தை மிகவும் குறைத்துவிட்டார். விளைவு, கலங்கல் போய்விட்டது. வெடித்து எழும் மண்ணின் ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தெரிகிறது. ஆட்கள் வெட்டி வெட்டி நகர்கிறார்கள். நிறத்தையும் இறக்கிவிட்டார்கள். பயந்தவனின் கண்ணுக்கு உலகம் அப்படித் தெரியும் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. நிஜமாகத் தெரியுமா என்பது வேறு விஷயம். கை கால் இழந்த காட்சிகளுக்கு நிஜமாகவே உறுப்பிழந்தவர்களை நடிக்க வைத்தார்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொன்று. கமரா மனிதரின் இடுப்பளவில், சில நேரம் தண்ணீர் மட்டத்தில், அவர்களோடு தவழ்கிறது. தொடக்கத்தில் எங்கே போவது என்று நமக்கும் தெரியாது. பிறகு அவ்வப்போது மேலே இருக்கும் ஜேர்மானிய மெஷின் கன்காரரின் முதுகுப் பக்கமிருந்து காட்டுகிறார்கள், அங்கிருந்து பார்த்தால் கீழே ஓடுவது எறும்பு. காட்சி ஏறக்குறைய 25 நிமிடம். அதற்குப் பின்னால் வரும் இரண்டு மணி நேரப் படம் அதைவிடச் சாதாரணமானது. கடைசிச் சண்டையில் வழக்கமான சாகசப் படமாகவே ஆகிவிடுகிறது. இதைச் சொன்னால் சில தம்பிமார் கோபிக்கிறார்கள்.

மலையில் நடக்கிற சண்டையை ஒழுங்காகக் காட்டிய படம் ஏதாவது?

டெரன்ஸ் மாலிக்கின் 'த தின் ரெட் லைன்'. இதுவும் 1998. பசிபிக்கின் குவாடல்கனால் தீவு, 1942. ஒரு புல்மலையின் உச்சியில் ஜப்பானியர்கள் பதுங்கு அறைகளில் இருக்கிறார்கள். அமெரிக்கர்கள் கீழிருந்து ஏற வேண்டும். புல்லைப் பார்த்தால் நம் மானாப்புல் மேடுகள்தான் ஞாபகம் வரும். மேலே இருப்பவருக்கு எல்லாம் தெரியும், கீழே இருப்பவருக்கு முகத்துக்கு முன்னால் புல் மட்டும். கமரா புல்லோடு புல்லாக ஏறுகிறது. முதலில் அனுப்பப்பட்ட இரண்டு பேர் விழுந்த பிறகு சத்தமே இல்லை, மேகம் விலகி வெயில் சரிவில் ஓடுகிறது. மலையில் வாழ்கிறவர்கள் தினமும் பார்க்கிற வெளிச்சம் அது. படம் மெதுவாகத்தான் போகும். தூங்கிவிட்டால் குற்றமில்லை, அடுத்த ஞாயிறு மிச்சத்தைப் பார்க்கலாம்.

'1917' நிஜமாகவே ஒரே ஷாட்டில் எடுத்ததா?

இல்லை. நீளமான பல ஷாட்களை ஒட்டு தெரியாமல் சேர்த்திருக்கிறார்கள். முதலாம் உலகப் போர்க் கதை. சாம் மென்டிஸ் இயக்கம், ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு, 2019. இதற்காக ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பதுங்குகுழி வெட்டினார்கள். நடிகர் பேசும் வசனம் முடியும் இடத்தில் குழியும் முடிய வேண்டும் என்பதால் முன்கூட்டியே வெட்டவெளியில் நடந்து பேசி அளந்திருக்கிறார்கள். வெட்டு இல்லாததால் நமக்கும் தப்ப வழியில்லை. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் 'இதை எப்படி எடுத்திருப்பார்கள்?' என்ற யோசனை கதையை முந்திக்கொள்கிறது, எனக்கு அப்படித்தான் ஆனது.

கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கர்க்' (2017) இதற்கு எதிர்த் திசை. பிரான்ஸின் டன்கர்க் கரையில் சிக்கிய படையினரைக் கப்பலேற்றி மீட்ட கதை. கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானத்தில் ஒரு மணி நேரம் என்று மூன்று காலங்களைப் பின்னி வெட்டுகிறது. முதல் தடவை குழம்பும், பரவாயில்லை. எதிரியின் முகம் கிட்டத்தட்ட வருவதே இல்லை, தோட்டாவும் விமானமும் மட்டும் வருகின்றன. மேலே சொன்ன 'கண்ணில் படாத எதிரி'க்கு இது நல்ல உதாரணம். அப்புறம், மடியில் முடிந்த இரண்டாவது கேள்வி: 1940இல் அந்தக் கரையில் கோவேறு கழுதைகளோடு சரக்குச் சுமந்த இந்தியப் படைப்பிரிவினரும் இருந்தார்கள். படத்தில் அவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

படம் முழுக்கச் சும்மாவே உட்கார்ந்திருக்கிறார்கள். இதுவும் போர்ப் படமா?

ஆமாம். போரில் பெரும் பகுதி காத்திருப்புத்தான். வளைகுடாப் போரைப் பற்றிய 'ஜார்ஹெட்' (2005) படத்தில் கதாநாயகன் மறைந்திருந்து குறிவைத்துச் சுடப் பயிற்சி பெற்ற ஸ்னைப்பர், போரில் எதிரியை ஒரு தடவைகூடச் சுடுவதில்லை. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நடக்கும் ஜேர்மானியப் படம் 'டாஸ் போட்' (1981), தலைக்கு மேலே எதிரிக் கப்பலின் சத்தத்தைக் கேட்டபடி வியர்த்துக்கொண்டிருப்பவர்களின் முகங்களாலேயே பயமுறுத்துகிறது.

போரை எதிர்க்கிற படமா, கொண்டாடுகிற படமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வசனத்தை நம்பாதீர்கள். 'போர் கொடியது' என்று கடைசியில் ஒருவர் அழுதுவிட்டால் போதும் என்று நினைக்கிற படங்கள் ஏராளம். எந்தக் காட்சியை நண்பனுக்குப் போட்டுக்காட்டத் தோன்றுகிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

கொப்போலாவின் 'அபொகலிப்ஸ் நவ்' (1979) வியட்நாம் போரின் பைத்தியக்காரத்தனத்தைச் சொல்ல வந்தது. அதில் ஹெலிகொப்டர்கள் ஜேர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசையை அலறவிட்டுக்கொண்டு ஒரு கிராமத்தைத் தாக்கும். சற்று முன் சொன்ன 'ஜார்ஹெட்'டில் போருக்குப் போகவிருக்கும் அமெரிக்க மரீன் படையினர் அதே காட்சியைத் திரையில் பார்த்துக் கூத்தாடுவதாக வரும். இன்னொரு கொடுமை: கொப்போலாவுக்கு அமெரிக்க இராணுவம் உதவவில்லை, ஹெலிகொப்டர்களைப் பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் அரசிடம் வாடகைக்கு எடுத்தார். படப்பிடிப்பின் நடுவில் அவை உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடு நிஜமாகவே சண்டை போடப் பறந்துவிடும். திரும்பி வந்ததும் மறுபடி நடிப்பு.

அதற்கு மாறாக 1930இல் வந்த 'ஆல் குவைட் ஒன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்'. முதலாம் உலகப் போரைப் பற்றிய ரெமார்க்கின் நாவல், லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கம். அந்த டிசம்பரில் பெர்லின் தியேட்டரில் நாஜித் தலைவர் கோயபல்ஸின் ஆட்கள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டும் நாற்றக் குண்டு எறிந்தும் காட்சியை நிறுத்தினார்கள். சில நாட்களில் ஜேர்மனியில் படம் தடை. போர்வெறியர்களுக்கு உறைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டுமா?

இராணுவத் தளபாடங்கள் நிறைய வருகிற அமெரிக்கப் படம் என்றால் கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலைப் படியுங்கள். அங்கே பாதுகாப்புத் திணைக்களம் ஹெலிகொப்டரும் கப்பலும் கொடுத்து உதவும், ஆனால் திரைக்கதையைப் பார்த்துச் சம்மதித்த பிறகுதான்.

எதிரிக்கு ஏன் பெயரே இருப்பதில்லை?

பெயர் வைத்தால் அம்மா வருவார், அம்மா வந்தால் சுடுவது கஷ்டம். ரிட்லி ஸ்கொட்டின் 'பிளாக் ஹோக் டவுன்' (2001) நகரச் சண்டையின் குழப்பத்தைக் காட்டுவதில் கெட்டிக்காரப் படம். 1993இல் சோமாலியாவின் தலைநகர் மொகடிசுவில் நடந்தது. 18 அமெரிக்கர்கள் இறந்தார்கள், சோமாலியர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். படத்தில் 18 பேருக்கும் மரியாதை உண்டு, நூற்றுக்கணக்கானோர் ஓடிவந்து விழுகிற கூட்டம். கிளின்ட் ஈஸ்ட்வுட் இதைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் இவோ ஜிமா என்ற ஜப்பானியத் தீவில் நடந்த சண்டையை அமெரிக்கர் பக்கமிருந்து ஒரு படம், ஜப்பானியர் பக்கமிருந்து ஒரு படம் என்று 2006இல் இரண்டு எடுத்தார். ஜப்பானிய மொழியில் எடுத்த 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா'தான் இரண்டில் சிறந்தது.

நம் நாட்டுப் போரைப் பற்றி நல்ல படம் இல்லையா?

இருக்கிறது, துப்பாக்கிச் சண்டை எதிர்பார்க்காவிட்டால். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) சிங்களப் படம். இராணுவத்தில் சேர்ந்த மகனின் உடல் என்று சீல் வைத்த பெட்டி ஒன்று கிராமத்துக்கு வருகிறது. பார்வையற்ற தகப்பன் மகன் செத்துவிட்டான் என்பதை ஏற்க மறுக்கிறார். ஜோ அபேவிக்ரம அந்தத் தகப்பனாக நடிக்கவில்லை, இருக்கிறார். போர்க்களமே காட்டாத அந்தப் படத்தை அரசாங்கம் 2000இல் தடுத்தது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே திரைக்கு வந்தது. எந்தப் பீரங்கிக் காட்சியும் அவ்வளவு பயத்தைக் கிளப்பியதில்லை.

விதானகேயே எடுத்த 'ஒப நத்துவ ஒப எக்க' (2012) நம் மலைநாட்டில் நடக்கும் கதை. அடகுக் கடை வைத்திருக்கும் சிங்களவருக்கும் வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண்ணுக்கும் திருமணம் நடக்கிறது. கணவர் முன்னாள் இராணுவச் சிப்பாய் என்பது பிறகு தெரிய வருகிறது. மூலம் தஸ்தயேவ்ஸ்கியின் கதை. போர் முடிந்து, ஒரு சின்ன வீட்டுக்குள், இரண்டு பேருக்கு நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர் மூடுபனியைச் சுற்றுலாப் படம் மாதிரி காட்டாததற்கே ஒரு நன்றி. அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012) தமிழிலேயே எடுத்தது, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் முன்னாள் போராளி. மறைந்த தர்ஷன் தர்மராஜ் நடித்தார்.

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) அழகான படம், இலங்கையை வெளியே நின்று பார்க்கும் படம். 'தீபன்' (2015) கான் விழாவில் தங்கப் பனை பெற்றது. ஷோபாசக்தி நடித்தார். இலங்கைப் போரிலிருந்து தப்பி, பிரான்ஸில் அடுக்குமாடி ஒன்றில் குடும்பமாக நடிக்கும் மூன்று அந்நியர்கள் வரும் பகுதிகள் அருமை. கடைசித் துப்பாக்கிச் சண்டை எனக்குப் பிடிக்கவில்லை.

1977, 1983 கலவரங்களில் விரட்டப்பட்டு வடக்கே வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள், 2009 வரை அங்கே போருக்குள் அகப்பட்டவர்கள், அவர்களைப் பற்றி ஒரு முழுநீளப் படம் பார்க்க ஆசை. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்கிச் சோதனைச் சாவடி வரிசையில் நின்ற நம் பையன்களைப் பற்றியும்தான். எடுக்கிறவர்கள் எடுக்கட்டும்.

'அமரன்' பிடித்திருந்தது. அதைச் சேர்க்க மாட்டீர்களா?

ஏன் மாட்டேன்? 2024இல் இங்கேயும் எல்லாரும் பார்த்தார்கள். 2014இல் காஷ்மீரில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. அதன் பலம் சாய் பல்லவியின் பக்கம், தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் மனைவி. சுற்றிவளைப்புக் காட்சிகளில் ஆட்கள் ஒருவருக்கொருவர் மறைவு கொடுத்து நகர்வதையும் கவனமாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊர்ச் சனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று படம் முடியும்போது உங்களுக்கு என்ன தெரியும்? கமரா யார் பக்கம் என்ற கேள்வியை இங்கேயும் கேட்டுப் பாருங்கள். பிடித்த படத்தில் கேட்பதுதான் கஷ்டம்.

வன்னியிலிருந்து வந்த மாமி வீட்டில் இருக்கிறார். இந்தப் படங்களைப் போடலாமா?

மாமியிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். படம் பரவாயில்லை, சத்தம்தான் தாங்காது என்று சொல்பவர்கள் உண்டு. விமானம் தாழப் பறக்கிற ஓசை பக்கத்து அறைக்குப் போனால் போதும். ஹெட்ஃபோன் மாட்டுங்கள். அவராகவே வந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினால் படத்தை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். 'அப்ப எத்தனை மணிக்கு ஷெல் விழுந்தது மாமி?' என்று விசாரணை வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா? கார்ட்டூன் போர்ப் படம் ஒன்று இருக்கிறதாமே.

'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' (1988), ஜப்பானிய அனிமேஷன். 1945இல் கோபே நகரம் எரிந்தபின் ஓர் அண்ணனும் குட்டித் தங்கையும் படும் பாடு. வரைந்த படம் என்று நம்பிச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பதினைந்து, பதினாறு வயதில், கூடவே உட்கார்ந்து பார்க்கலாம்.

போனில் பார்த்தால் போதாதா? தமிழ் டப்பிங்கில்?

பார்க்கலாம், ஆனால் நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். இந்தப் படங்களில் பாதி வேலை சத்தத்தில் நடக்கிறது. இரவுக் காட்சிகள் வருவதால் வெளிச்சத்தைக் கூட்டி, அறை விளக்கை அணையுங்கள். டப்பிங்கில் குண்டுச் சத்தத்தைத் தணித்து வசனத்தைத் தூக்கிவிடுகிறார்கள். சப்டைட்டில் வேகமாக ஓடினால் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், யாரும் அடிக்கப்போவதில்லை.

டாக்குமெண்டரி பார்த்தால் நிஜத்தையே பார்க்கலாமே, எதற்கு நடிப்பு?

1916இல், முதலாம் உலகப் போரில், பிரான்ஸின் சொம் ஆற்றுப் பக்கம் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே பிரித்தானியாவில் 'த பேட்டில் ஒஃப் த சொம்' என்ற ஆவணப்படம் வந்தது. கோடிக்கணக்கானவர்கள் தியேட்டரில் பார்த்தார்கள். பெரும் பகுதி நிஜம்: காயம்பட்டவர்களைத் தோளில் தூக்கி வருவது, பீரங்கிக் குண்டுகளை அடுக்குவது, கமராவைப் பார்த்துச் சிரிக்கும் பையன்கள். ஆனால் சிப்பாய்கள் குழியிலிருந்து ஏறிப் பாய, இரண்டு பேர் சரிந்து விழும் புகழ்பெற்ற காட்சி களத்துக்குப் பின்னால் பயிற்சி இடமொன்றில் நடித்து எடுத்தது. முதலாம் உலகப் போர் என்று டிவியில் வரும்போதெல்லாம் இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். அடுத்த தடவை வந்தால் இரண்டைக் கவனியுங்கள். அவர்கள் முதுகில் அன்றைக்குச் சுமந்திருக்க வேண்டிய மூட்டை இல்லை. கமரா வைத்திருக்கும் இடத்தில், நிஜச் சண்டை என்றால், ஒரு மனிதர் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்திருக்க முடியாது.